பழைய காரில் இண்டிகேட்டர் நினைவூட்டி: ஒலியை வைத்துக் கோளாறைக் கண்டறியும் முறை

திருப்பம் முடிந்து நேர்ச்சாலைக்கு வந்த பிறகும் இண்டிகேட்டர் அணையாமல் துடித்துக்கொண்டிருப்பது பழைய கார்களில் அடிக்கடி நிகழும் ஒன்று. அமெரிக்காவின் ப்யூக் கார் நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாடலில் துடிக்கும் இண்டிகேட்டரையும், 1940ஆம் ஆண்டு மாடலில் அது தானாக அணையும் அமைப்பையும் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பின் வெகுகாலம் டாஷ்போர்டில் ஒரு சாதாரண ஸ்விட்சை மட்டும் வைத்து விற்கப்பட்ட கார்கள் உண்டு. தானாக அணையும் அமைப்பு உள்ள கார்களிலும், ஸ்டியரிங் தண்டில் சுழலும் அந்தச் சிறு பல் இத்தனை ஆண்டுகளில் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கும். இண்டிகேட்டர் போட்டிருப்பதைக் காட்ட டாஷ்போர்டில் உள்ள பைலட் விளக்கு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்கைத் துடிக்கவைக்கும் ஃப்ளாஷரின் 'டிக் டிக்' ஓசை என்ஜின் சத்தத்தில் அமுங்கிவிடும்.

ஒருமுறை நான் இப்படி அணைக்க மறந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, பக்கச் சாலையில் காத்திருந்த ஒருவர் நான் திரும்பப் போகிறேன் என்று நம்பித் தன் வண்டியை முன்னே எடுத்துவிட்டார். இருவரும் பிரேக் பிடித்ததால் எதுவும் நேரவில்லை. அவர் செய்ததில் பிழை எதுவும் இல்லை. என் வண்டி காட்டிய குறியை அவர் நம்பினார். அன்றிலிருந்து, தானாக அணையாத எந்தப் பழைய காருக்கும் ஒரு நினைவூட்டும் பஸ்ஸர் கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து.

பஸ்ஸரை இணைப்பது எளிது. இணைத்த பிறகு அது எதிர்பாராத நேரத்தில் ஒலிப்பதும், ஒலிக்க வேண்டிய நேரத்தில் மௌனமாக இருப்பதும்தான் பலரை அலைக்கழிக்கின்றன. தன் இரு ஒயர்களுக்கு இடையே போதிய மின்னழுத்தம் இருந்தால் பஸ்ஸர் ஒலிக்கும், இல்லையென்றால் ஒலிக்காது; வேறெதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே தவறான ஒலி கேட்டால் பஸ்ஸரை மாற்றுவதற்கு முன், அதன் ஒயர் எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் மின்னழுத்தம் ஏன் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு கோளாறுக் குறியையும் இந்தக் கேள்வியைக் கொண்டே அணுகியிருக்கிறேன்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் காரின் மின்னமைப்பு 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது (இந்த இணைப்பே எர்த்) என்ற இரண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956 மாடலிலிருந்து 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1967 வரை பாசிட்டிவ் எர்த். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நெகட்டிவ் எர்த்தாக இருந்தாலும் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடியது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் கைமாறிய வண்டியில் முன்னாள் உரிமையாளர் யாரேனும் எர்த்தை மாற்றியிருக்கலாம் என்பதால், கையேட்டை நம்பாமல் பேட்டரியில் உடலோடு இணையும் தடித்த ஒயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். வேலை தொடங்கும்போது முதலில் கழற்ற வேண்டியதும் அந்த எர்த் ஒயர்தான்.

அடுத்தது ஃப்ளாஷர். பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் வெப்பத்தால் இயங்கும் ஃப்ளாஷர். விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டமே உள்ளே ஒரு கம்பியையோ உலோகப் பட்டையையோ சூடாக்கி, காண்டாக்டைத் திறந்து மூடுகிறது. இரண்டு முனை உள்ளதில் ஒன்று மின்சாரம் உள்ளே வரும் முனை, மற்றது இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாக விளக்குக்குப் போகும் முனை. மூன்று முனை உள்ளதில் மூன்றாவது, டாஷ்போர்டில் உள்ள பைலட் விளக்குக்கானது. இவற்றை உள்வரு முனை, விளக்கு முனை, பைலட் முனை என்றே இனிக் குறிப்பிடுகிறேன். ஜெர்மானிய எண் முறையில் உள்வரு முனை 49, விளக்கு முனை 49ஏ.

பஸ்ஸரை இணைக்க மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, இரு முனை ஃப்ளாஷரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே பஸ்ஸரை இணைப்பது. ஃப்ளாஷரின் காண்டாக்ட் திறக்கும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் தோன்றும்; பஸ்ஸரின் சிறு மின்னோட்டம் பல்பின் இழை வழியாக எர்த்துக்குப் போய்விடும். எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டாம், டையோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு உறுப்பு) வேண்டாம். இரண்டாம் வழி, இடப்பக்க விளக்கு ஒயரிலிருந்து ஒன்றும் வலப்பக்க விளக்கு ஒயரிலிருந்து ஒன்றுமாக இரண்டு டையோடுகளை எடுத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து பஸ்ஸருக்குக் கொடுத்து, பஸ்ஸரின் மற்ற ஒயரை எர்த் செய்வது. மூன்றாம் வழி, பைலட் விளக்கோடு இணையாக பஸ்ஸரை இணைப்பது. தொழிற்சாலை ஒயரில் கைவைப்பது மிகக் குறைவு என்பதால், பொருந்தும் வண்டிகளில் நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

பஸ்ஸர் பீசோ வகையாக (மின்சாரத்தால் அதிரும் மெல்லிய தகடு கொண்டது), 3 முதல் 24 வோல்ட் வரை இயங்குவதாக, உள்ளேயே ஒலியை உண்டாக்கும் சுற்று கொண்டதாக இருக்கட்டும். அது 10 முதல் 30 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். எந்த வழியானாலும் ஒயர் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேருங்கள்.

சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதாது. பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்றும் வேண்டும். டிஜிட்டல் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், துருவேறிய இணைப்பின் வழியே மிகச் சிறு கசிவு மட்டும் வரும் ஒயரில்கூட 12 வோல்ட் இருப்பதாகக் காட்டிவிடும். டெஸ்ட் லேம்ப் எரிந்தால்தான் அங்கே உண்மையில் மின்சாரம் கிடைக்கிறது என்று பொருள்.

குறி: விளக்கு சரியாகத் துடிக்கிறது, பஸ்ஸர் ஒலிக்கவே இல்லை

பஸ்ஸரைக் கழற்றிப் பேட்டரியில் நேராக வைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஒரே ஒருமுறை மட்டும் ஓசை வந்தால் அது உள்ளே சுற்று இல்லாத வெறும் பீசோ தகடு. நேர்மின்சாரத்தில் அது ஒருபோதும் தொடர்ந்து ஒலிக்காது, வேறு பஸ்ஸர்தான் வாங்க வேண்டும். நன்றாக ஒலித்தால் துருவம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால்தான். அத்தகைய வண்டியில் இரண்டாம் வழியைக் கையாள்பவர் பஸ்ஸரின் சிவப்பு ஒயரை வண்டியின் உடலோடும், கறுப்பு ஒயரை டையோடுகளோடும் இணைக்க வேண்டும். டையோடுகளின் கோடு போட்ட முனை விளக்கு ஒயரின் பக்கம் இருக்க வேண்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில் இவை அத்தனையும் தலைகீழ்: கோடு போட்ட முனைகள் ஒன்றுசேர்ந்து பஸ்ஸரின் சிவப்பு ஒயருக்குப் போகும், கறுப்பு ஒயர் உடலுக்குப் போகும். முதல் வழியில், நெகட்டிவ் எர்த் வண்டியானால் சிவப்பு ஒயர் உள்வரு முனைக்கும், பாசிட்டிவ் எர்த் வண்டியானால் விளக்கு முனைக்கும் போக வேண்டும்.

துருவமும் சரி, இன்னும் ஒலி இல்லை என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். மரத்தாலான டாஷ்போர்டில் திருகிய எர்த் எங்கும் சென்று சேராது. தடித்த பெயிண்ட் மேல் திருகியதும் அப்படியே. பஸ்ஸரின் எர்த் ஒயரைத் தற்காலிகமாக ஒரு நீண்ட ஒயரால் பேட்டரியின் எர்த் முனைக்கே கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறி: ஸ்விட்ச் நடுவில் இருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை, ஆனாலும் சாவியைத் திருப்பியவுடன் பஸ்ஸர் விடாமல் ஒலிக்கிறது

இதுவே மிகப் பலர் விழும் குழி. நானும் ஒரு முழுப் பிற்பகலை இதில் இழந்திருக்கிறேன். ஃப்ளாஷர் டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதன் விளக்கு முனையிலிருந்து ஒரு ஒயர், எர்த்துக்கு ஒரு ஒயர், நடுவே பஸ்ஸர் என்று இணைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வெப்ப ஃப்ளாஷரின் உள்ளே ஓய்வு நிலையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வகையில் காண்டாக்ட் ஓய்வில் மூடியே இருக்கும். மின்னோட்டம் சென்று சூடேறிய பிறகுதான் திறக்கும். இன்னொரு வகையில் காண்டாக்ட் ஓய்வில் திறந்திருந்தாலும், சூடேறும் மெல்லிய கம்பி உள்வரு முனைக்கும் விளக்கு முனைக்கும் இடையே எப்போதும் ஒரு பாதையாக இருக்கும். இரண்டிலும், இண்டிகேட்டர் ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது விளக்கு முனை எங்கும் இணையாமல் நிற்பதால், பேட்டரியின் முழு மின்னழுத்தம் அதில் ஏறி நிற்கும். பல்பு இணைந்தால்தான் அது இறங்கும். பஸ்ஸர் கேட்பதோ 20 மில்லி ஆம்பியர். அதைக் கொடுக்க அந்த மெல்லிய கம்பியே போதும். ஃப்ளாஷரும் பழுதில்லை, பஸ்ஸரும் பழுதில்லை, ஒயர் எடுத்த இடம்தான் பொருந்தாத இடம்.

இதைச் சரிசெய்ய, பஸ்ஸரின் எர்த் ஒயரைக் கழற்றி உள்வரு முனைக்கு மாற்றி, துருவத்தையும் அதற்கேற்ப மாற்றினால் அது முதல் வழியாகிவிடும். ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது பல்பு வழியாக எர்த்துக்குப் பாதை இல்லாததால் ஒலி நின்றுவிடும். அல்லது ஒயரை ஸ்விட்சைத் தாண்டிய விளக்கு ஒயர்களுக்குக் கொண்டுபோய் இரண்டாம் வழியைக் கையாளலாம். பிரிட்டிஷ் கார்களின் வழக்கமான நிற முறையில் இடப்பக்க ஒயர் பச்சையில் சிவப்புக் கோடு, வலப்பக்க ஒயர் பச்சையில் வெள்ளைக் கோடு, ஃப்ளாஷரிலிருந்து ஸ்விட்சுக்கு வருவது இளம்பச்சையில் பழுப்புக் கோடு. ஜெர்மானியக் கார்களில் இடப்பக்கம் கறுப்பில் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பில் பச்சை. பருத்தி நூல் பின்னிய பழைய ஒயர்களில் நிறம் மங்கியிருக்கும் என்பதால் டெஸ்ட் லேம்ப் கொண்டு உறுதிசெய்த பிறகே தொடுங்கள். அந்தப் பழைய ஒயர்களில் ரப்பர் இறுகி வெடிக்கும் நிலையில் இருக்கும். ஒயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளை அவற்றின் மேல் அழுத்தினால் உறை நொறுங்கி, உள்ளே உள்ள செம்பு இழைகளும் அறுபடும். ஏற்கெனவே இருக்கும் இணைப்புக் குழாயில் ஒரு ஒயரைக் கூடுதலாகச் செருகுவதே அவற்றுக்கு ஏற்றது.

இரண்டாம் வழியில் இணைத்த பிறகும் ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது ஒலி தொடர்ந்தால், ஃப்ளாஷரைக் கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால், ஸ்விட்சுக்குள் பித்தளைத் தூளும் பழைய கிரீசும் சேர்ந்து காண்டாக்டுகளுக்கிடையே பாலம் கட்டியிருக்கின்றன என்று கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் மின்சாரம் வேறிடத்திலிருந்து வருகிறது. அதற்குக் கீழே பார்க்கிங் விளக்கைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள்.

குறி: இண்டிகேட்டர் போட்டால் துடிப்பு இல்லை, ஒலி விடாமல் வருகிறது, அல்லது விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது

முதல் வழியில் இணைத்தவர்களுக்கு இந்தக் குறி ஒரு நல்ல மருத்துவர் போல. விளக்கு எரியாமல் ஒலி மட்டும் இடைவிடாமல் வந்தால் ஃப்ளாஷரின் காண்டாக்ட் மூடவே இல்லை, ஃப்ளாஷர் போய்விட்டது. விளக்கு நிலையாக எரிந்து ஒலியே இல்லையென்றால் காண்டாக்ட் திறக்கவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ளாஷர் அன்று, பல்பு. 12 வோல்ட்டில் ஒரு 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் எடுக்கும். முன்னும் பின்னும் சேர்த்து 3.5 ஆம்பியர். 6 வோல்ட் வண்டியில் அதே வாட்டுக்கு 7 ஆம்பியர். இந்த மின்னோட்டத்தை எதிர்பார்த்தே வெப்ப ஃப்ளாஷர் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பல்பு இழை அறுந்தாலோ, தவறுதலாக 10 வாட் பல்பு மாட்டியிருந்தாலோ, பல்பின் உலோக உறையில் துருப்பிடித்திருந்தாலோ போதிய சூடு ஏறாது, காண்டாக்ட் திறக்காது. எல்இடி பல்பு மாட்டியவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் மின்னணு ஃப்ளாஷருக்கு மாற வேண்டும்.

பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகள் நிமிடத்துக்கு 90 துடிப்பு, அதிலிருந்து 30 கூடவோ குறையவோ இருக்கலாம் என்கின்றன. கடிகாரத்தைப் பார்த்து ஒலியை எண்ணினால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பஸ்ஸர் பொருத்துவதற்கு முன்பு பலர் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆகவே பொருத்திய பிறகு துடிப்பு மெதுவாகிவிட்டது என்று பஸ்ஸரைக் குறைசொல்கிறார்கள். 3,500 மில்லி ஆம்பியர் ஓடும் இடத்தில் 20 மில்லி ஆம்பியரை வெப்ப ஃப்ளாஷர் உணரவே உணராது. துடிப்பு உண்மையிலேயே மாறியிருந்தால், வேலையின்போது தளர்ந்த ஏதோ ஒரு இணைப்பைத் தேடுங்கள்.

குறி: ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒலிக்கிறது

இரண்டாம் வழியில் ஒரு டையோடு திரும்பியிருக்கிறது அல்லது எரிந்துவிட்டது; மாற்றினால் முடிந்தது. 1என்4001 முதல் 1என்4007 வரை எதுவும் போதும்.

மூன்றாம் வழியில் இணைத்தவர்களுக்குத்தான் இது புதிராகத் தோன்றும். இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பைலட் விளக்கு உள்ள சில பழைய கார்களில், அந்தச் சிறு விளக்கு எர்த்தோடு இணைந்திருப்பதில்லை. அதன் ஒரு கால் இடப்பக்க ஒயரிலும் மறுகால் வலப்பக்க ஒயரிலும் இருக்கும். இடப்பக்கம் துடிக்கும்போது, எரியாமல் இருக்கும் வலப்பக்கப் பல்புகளின் இழைகள் வழியாக அதற்கு எர்த் கிடைக்கிறது. வலப்பக்கம் துடிக்கும்போது இதன் மறுதலை. இழை பல்புக்குத் துருவம் ஒரு பொருட்டில்லை. ஆனால் பஸ்ஸருக்கு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் மின்சாரம் வருவதால் பாதிதான் ஒலிக்கிறது. நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் ஒன்றை இடையே வைத்தால் இரு திசையும் ஒரே திசையாகிவிடும். அதில் 1.4 வோல்ட் அளவு குறையும். 6 வோல்ட் வண்டியிலும் மீதி நான்கரை வோல்ட் இருப்பதால் 3 வோல்ட்டில் தொடங்கும் பஸ்ஸர் ஒலிக்கும்.

குறி: எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றன

டையோடு இல்லாமல் இடது, வலது ஒயர்களை நேராக ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். உடனே பிரித்துவிடுங்கள். நான்கு பல்புகளின் மின்னோட்டமும் பழைய ஸ்விட்ச் வழியாக ஓடுவது அதன் காண்டாக்டுகளைச் சுட்டுவிடும். அதைவிட முக்கியமாக, பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதே தெரியாது.

குறி: பிரேக் மிதித்தால் பஸ்ஸர் ஒலிக்கிறது

பல அமெரிக்கக் கார்களில் பின்புறம் ஒரே சிவப்பு விளக்குதான் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொது. பிரேக் மின்சாரம் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகவே அந்த விளக்குகளுக்குப் போகிறது. டையோடுகளைப் பின்விளக்கு ஒயரில் இணைத்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நீண்ட ஒலி வரத்தான் செய்யும். டையோடுகளை முன்விளக்கு ஒயர்களுக்கு மாற்றுங்கள்; அங்கே பிரேக் மின்சாரம் வருவதில்லை. இடத்தை மாற்றாமல் சமாளிக்க யாரும் முயல வேண்டாம்.

குறி: பார்க்கிங் விளக்கைப் போட்டவுடன், இண்டிகேட்டர் போடாமலே பஸ்ஸர் ஒலிக்கிறது அல்லது முனகுகிறது

இந்தக் குறி எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் பஸ்ஸர் பொருத்தும் முன்பே வண்டியில் இருந்த ஒரு ஆபத்தை இது காட்டிக்கொடுக்கிறது. முன்விளக்கிலோ பின்விளக்கிலோ இரட்டை இழைப் பல்பு இருந்தால், 5 வாட் இழை பார்க்கிங்குக்கும் 21 வாட் இழை இண்டிகேட்டருக்கும் ஆகும். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், அது பல்பின் உறை. உறைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே துரு ஏறி எர்த் அறுந்துவிட்டால், பார்க்கிங் இழைக்கு வந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் மற்ற இழை வழியாகப் பின்னோக்கி இண்டிகேட்டர் ஒயருக்குள் போகும். இண்டிகேட்டர் ஸ்விட்ச் நடுவில் இருக்க, அதே பக்கத்து மற்ற இண்டிகேட்டர் பல்பும் அந்த ஒயரில் இணையாமலோ, இழை அறுந்தோ, எர்த் கெட்டோ இருந்தால் அந்த மின்சாரம் வேறெங்கும் இறங்காது. டையோடு வழியாக பஸ்ஸர்தான் அதற்குக் கிடைத்த ஒரே வாசல். எர்த் முற்றிலும் அறுந்திருந்தால் முழு ஒலி வரும். பாதி கெட்டிருந்தால் முனகல் வரும்.

எந்த மூலையில் எர்த் கெட்டிருக்கிறது என்று அறிய, பார்க்கிங் விளக்கைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் உறையிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து ஒவ்வொரு விளக்காக அளந்து வாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த விளக்கின் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும். விளக்குக் கூடு திருகும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் ஒரு தனி எர்த் ஒயரை இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள். ரப்பர் மெத்தை மேல் அமரும் விளக்குக் கூடுகளுக்குத் தனி எர்த் ஒயர் கட்டாயம் வேண்டும். பஸ்ஸரைக் கழற்றி இந்த ஒலியை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கு இரவில் மங்கலாகவோ எரியாமலோ இருப்பது அப்போதும் தீர்ந்திருக்காது.

குறி: விளக்கு அணைந்திருக்கும்போது ஒலிக்கிறது, எரியும்போது மௌனமாகிறது

முதல் வழியின் இயல்பே இதுதான், கோளாறு இல்லை. எல்இடி பல்புகளோடு முதல் வழியைக் கையாண்டால் மட்டும், பஸ்ஸரின் சிறு மின்னோட்டமே எல்இடியை மங்கலாக எரிய வைக்கக்கூடும்; அப்போது இரண்டாம் வழிக்கு மாறுங்கள்.

குறி: தாமத டைமர் வைத்தும் பஸ்ஸர் ஒலிப்பதே இல்லை, அல்லது அணைத்த பிறகும் ஒலிக்கிறது

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலிப்பது சலிப்பாக இருக்கிறது, நெடுநேரம் அணைக்காமல் விட்டால் மட்டும் ஒலிக்கட்டும் என்று விரும்புவோர் 555 என்ற டைமர் சில்லு கொண்ட சுற்றையோ, ஆயத்தமாகக் கிடைக்கும் தாமத ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சேர்ப்பார்கள். விருப்பம் நியாயமானதே. 555 சுற்றில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் வைத்தால் ஏறக்குறைய 24 விநாடித் தாமதம் கிடைக்கும். சாதாரணத் திருப்பம் ஒன்று அதற்குள் முடிந்துவிடும்.

இங்கே வரும் முதற்கோளாறு, டைமர் ஒருபோதும் முடிவுக்கு வராமல் இருப்பது. இண்டிகேட்டர் மின்சாரம் தொடர்ச்சியானது அன்று. ஒவ்வொரு துடிப்பிலும் அறுபடுகிறது. விளக்கு அணையும் ஒவ்வொரு முறையும் டைமர் தன் எண்ணிக்கையை மறந்து முதலிலிருந்து தொடங்கினால் 24 விநாடி எப்போதும் நிறையாது. டைமருக்கு முன்னால் ஒரு டையோடு, ஒரு கெபாசிட்டர், அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்து, துடிப்புகளுக்கிடையே உள்ள இருட்டைத் தாண்டிச் சமிக்ஞையைப் பிடித்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்ற மிக மெதுவான வேகத்தில்கூட இருட்டு அரை விநாடி அளவில்தான் இருக்கும் என்பதால், ஒரு விநாடிக்குச் சற்று மேல் பிடித்தால் போதும். 10 மைக்ரோ ஃபாரட்டும் 100 கிலோ ஓமும் ஒரு விநாடிக் காலமாறிலி (கெபாசிட்டர் வடியும் வேகத்தின் அளவு) தரும். அங்கிருந்து தொடங்கிச் சிறிது கூட்டிப் பாருங்கள். 100 மைக்ரோ ஃபாரட் போன்ற பெரிய கெபாசிட்டரை அதே ரெசிஸ்டரோடு வைத்தால், இண்டிகேட்டரை அணைத்த பிறகும் பல விநாடிகள் ஒலி தொடரும். அணைத்தவுடன் நிற்காத ஒலி ஓட்டுநருக்குத் தவறான பாடத்தைக் கற்பிக்கும்: ஒலியை நம்பாதே என்று.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் டைமர் சுற்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அதன் எந்த உலோகப் பகுதியும் வண்டியின் உடலைத் தொடாமல் பாருங்கள். சுற்றின் பாசிட்டிவ் ஒயர்தான் உடலுக்குப் போகிறது. அதன் நெகட்டிவ் பகுதி உடலைத் தொட்டால் ஷார்ட். இண்டிகேட்டர் சமிக்ஞையை நேராகக் கொடுக்காமல் ஒரு சிறு ரிலேயின் காண்டாக்ட் வழியாகக் கொடுத்தால் துருவத் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடும். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு வைக்க மறக்க வேண்டாம். சுருள் விடும்போது எழும் உயர் மின்னழுத்தத் துடிப்பு 555ஐக் கெடுத்துவிடும்.

சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது ஒலிப்பதைத் தவிர்க்க, பிரேக் மிதித்திருக்கும்வரை பஸ்ஸரைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைச் சேர்க்கலாம். ஓய்வில் மூடியிருக்கும் காண்டாக்ட் வழியாக பஸ்ஸருக்கு மின்சாரம் போகட்டும். ரிலே சுருளுக்கு பிரேக் ஸ்விட்சிலிருந்தே ஒயர் எடுங்கள். பொது விளக்கு உள்ள வண்டிகளில் பிரேக் விளக்கிலிருந்து எடுத்தால் இண்டிகேட்டர் துடிக்கும்போதெல்லாம் ரிலேயும் துடிக்கும்.

குறி: ஒலி போதவில்லை, அல்லது காதைத் துளைக்கிறது

பீசோ பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரையான கூர்மையான ஒலியைத் தருபவை. வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனே என்பதால், மூத்த ஓட்டுநருக்கு இன்னும் உரக்க ஒலிக்கும் பஸ்ஸரைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பஸ்ஸரே உதவும். விரிப்புக்குப் பின்னாலோ கையுறைப் பெட்டிக்குள்ளோ மறைத்து வைத்திருந்தால், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே டாஷ்போர்டின் கீழ்விளிம்பில் துளை வெளியே பார்க்கும்படி மாற்றுங்கள். அதிகமாக ஒலித்தால் துளையின் மேல் துணி நாடாவை ஒட்டுங்கள், அல்லது சில நூறு ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள். மின்காந்தச் சுருள் வகை பஸ்ஸரின் தாழ்ந்த ஒலியை விரும்புவோர், அது பீசோவைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும் என்பதை மறக்காமல் அதைப் பைலட் முனையில் மட்டும் இணைக்காதிருங்கள், 2.2 வாட் விளக்குக்காக, அதாவது 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்துக்காக அமைந்த நொய்ந்த காண்டாக்ட் அது.

குறி: காலையில் ஒலிக்கிறது, வண்டி சூடான பிறகு நின்றுவிடுகிறது

ஃப்ளாஷர் முனைகளில் செருகிய இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். கூடுதல் ஒயர் செருகியதால் பழைய இணைப்பின் பிடி தளர்ந்திருந்தால், 3.5 ஆம்பியர் ஓடும்போது அது சூடாகும். கையில் சுடும் அளவுக்கு இருந்தால் அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிடியை இடுக்கியால் இறுக்கி மாட்டுங்கள். கெபாசிட்டர் வைத்த டைமர் மட்டும் சூட்டில் தாமதமானால், கெபாசிட்டரில் கசிவு இருக்கிறது. புதியது மாற்றி, ஹீட்டர் காற்று படாத இடத்துக்குப் பெட்டியை நகர்த்துங்கள்.

குறி: கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய வகைக் குறிகாட்டி உள்ள காரில் இடைவிடாத ஒலி வருகிறது

அந்தக் கைகள் துடிப்பதில்லை, எழுந்தபடி நிற்கின்றன. ஆகவே ஒலியும் நிலையாக வரும். ஃப்ளாஷரே இல்லாததால் முதல் வழி பொருந்தாது. இரண்டாம் வழியில் இணைத்து, தானே விட்டுவிட்டு ஒலிக்கும் வகை பஸ்ஸரை வாங்குங்கள். அந்தக் கைகளை எழுப்பும் சுருள்கள் விடும்போது உயர் மின்னழுத்தத் துடிப்பை எழுப்பும் என்பதால், ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்த பிறகே மின்னணு பஸ்ஸரை அந்த ஒயரில் இணைக்க வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு, சாவி போட்ட நிலையில் ஸ்விட்ச் நடுவில், இடம், வலம் என மூன்று நிலைகளையும், பார்க்கிங் விளக்கோடும் பிரேக்கோடும் சேர்த்து ஒவ்வொன்றாக ஒருமுறை சோதியுங்கள். எச்சரிக்கை விளக்கு ஸ்விட்ச் உள்ள வண்டியானால் அதையும் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வழியில் அப்போதும் பஸ்ஸர் ஒலிக்கும், அது இயல்பே. எந்த ஒயரிலிருந்து எந்த இடத்தில் இணைப்பு எடுத்தீர்கள், டையோடின் கோடு எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் வரைந்து வண்டியின் ஒயரிங் வரைபடத்தோடு வைத்துவிடுங்கள்; அடுத்து அந்த டாஷ்போர்டைத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.